ஒருமுறை டெங்கு வந்த பிள்ளைக்கு மறுபடி வந்தால் லேசாகத்தான் இருக்குமா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறோம். மகளுக்கு 8 வயதில் டெங்கு வந்தது, இப்போது அவளுக்கு 11. மழை தொடங்கியதிலிருந்து தெருவில் பலருக்குக் காய்ச்சல். "ஒருமுறை வந்துட்டா உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கும், திரும்ப வந்தாலும் லேசாத்தான் போகும், அம்மை மாதிரிதான்" என்கிறார் என் மாமியார். உண்மையா?

பதில்:

அம்மைக்கு உங்கள் மாமியார் சொல்வது சரி. டெங்குவுக்கு அது பொருந்தாது. டெங்கு ஒரே வைரஸ் அல்ல, நான்கு வகை: டெங்கு 1, 2, 3, 4. உங்கள் மகளுக்கு அன்று வந்தது எந்த வகையோ, அந்த ஒன்று இனி அவளை அநேகமாக வாழ்நாள் முழுக்கத் தொடாது. மற்ற மூன்றும் பாக்கி இருக்கின்றன. அவற்றுக்கு எதிராகவும் முதல் சில மாதங்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்திருக்கும். மூன்று வருடத்தில் அது கரைந்திருக்கும். வேறு வகை இப்போது தொற்றினால், பழைய எதிர்ப்பு சக்தியே நோயைக் கடுமையாக்கக்கூடும். எந்த வகையானாலும், இரண்டாவது முறை வரும் டெங்குதான் அதிக ஆபத்தானது. மூன்றாவது, நான்காவது முறை வந்தாலும் பெரும்பாலும் லேசாகவே போய்விடுகின்றன.

பயந்துவிட வேண்டாம். இரண்டாம் முறை வந்தவர்களிலும் பெரும்பாலானோர் வீட்டிலேயே குணமாகிவிடுகிறார்கள். ஆனால் யாரை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும், எந்த நாளில் கவனிக்க வேண்டும் என்பது உடம்பு இந்த வைரஸை எப்படி எதிர்கொள்கிறது என்று தெரிந்தால்தான் புரியும். அதனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

ஏடிஸ் கொசு கடிக்கும்போது வைரஸ் தோலுக்குள் இறங்குகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள்தான் அதன் முதல் இரை. தொற்றிய செல் தனக்குள் அந்நிய ஆர்.என்.ஏ. (வைரஸின் மரபுப்பொருள்) இருப்பதை உணர்ந்ததும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிடுகிறது. அது அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அபாயம் சொல்கிறது. அவை வைரஸ் பெருக இடம் கொடுக்காதபடி தங்கள் உள்வேலைகளையே சுருக்கிக்கொள்கின்றன. காய்ச்சல், எலும்பை முறிப்பது போன்ற வலி, சோர்வு எல்லாவற்றுக்கும் இந்த இன்டர்ஃபெரானும் அதன் கூட்டாளிப் புரதங்களுமே பெரும் காரணம். முன்பு மஞ்சள்காமாலை வைரஸுக்கு மருந்தாக இன்டர்ஃபெரான் ஊசி போட்டபோது, வேறு எந்தத் தொற்றும் இல்லாமலே நோயாளிகளுக்கு இதே காய்ச்சலும் உடம்புவலியும் வந்தன. அந்தக் கஷ்டம் வைரஸ் தருவதைவிட உடம்பு தருவது அதிகம்.

டெங்கு வைரஸ் சும்மா இருப்பதில்லை. இன்டர்ஃபெரான் சொல்லும் சேதி செல்லுக்குள் போய்ச்சேர ஸ்டாட்2 என்ற புரதம் தேவை. வைரஸின் என்.எஸ்.5 புரதம் அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. முதல் அரண் இப்படி ஓட்டையாகிறது.

இதற்குள் தொற்றிய செல்கள் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்கின்றன (நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த இடங்கள்). இந்த வைரஸுக்குப் பொருந்தும் பி செல்கள், டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அங்கே தேர்வாகிப் பெருகுகின்றன. இதற்கு நாள் பிடிக்கும். முதல் முறை டெங்கு வந்தவருக்கு ஐ.ஜி.எம். என்ற முதல்கட்ட ஆன்டிபாடி (கிருமியில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) காய்ச்சல் தொடங்கிய 4 அல்லது 5-ஆம் நாள்வாக்கில்தான் ரத்தத்தில் தெரியும். இன்னும் துல்லியமான ஐ.ஜி.ஜி. அதற்கும் பிறகு. டி செல்கள் தொற்றிய செல்களைத் தேடிக் கொல்கின்றன. எல்லாம் அடங்கியபின் ஒரு பகுதி பி செல்களும் டி செல்களும் நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. எலும்பு மஜ்ஜையில் குடியேறும் பிளாஸ்மா செல்கள் வருடக்கணக்கில் அதே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அம்மைக்கு இது போதும், ஏனென்றால் அதே வைரஸ்தான் திரும்ப வருகிறது.

டெங்குவில் திரும்ப வருவது அதன் உடன்பிறப்பு. கோளாறு நடக்கும் இடம் இதுதான். பழைய ஆன்டிபாடிகளில் ஒரு பகுதி புதிய வகை வைரஸையும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதைச் செயலிழக்க வைக்கும் அளவுக்குப் பொருந்தாது. நம் உடம்பில் மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் உண்டு. ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடித்து, அது ஒட்டியிருக்கும் கிருமியை உள்ளே இழுத்துச் செரிப்பது அவற்றின் தொழில். மற்ற பல நோய்களில் கிருமியின் கதை அங்கே முடிந்துவிடும். டெங்குவுக்கோ அந்தச் செல்தான் வளரப் பிடித்த வீடு. திருடனைக் கைவிலங்கு போடாமல் கையைப் பிடித்து நடுவீட்டில் கொண்டுபோய் விடுவது போன்ற காரியம் இது. முழுதாக முதிராத, தானாகத் தொற்ற முடியாத வைரஸ் துகள்கள்கூட ஆன்டிபாடி ஒட்டியதால் உள்ளே நுழைந்துவிடும். அதிகச் செல்கள் தொற்றுகின்றன, ரத்தத்தில் வைரஸ் ஏறுகிறது, அதற்கு ஏற்ப உடம்பின் பதிலடியும் கட்டுமீறுகிறது.

ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர், பாங்காக்கில் குழந்தைகளுக்கு வந்த கடுமையான டெங்குவைப் பார்த்து முன்வைத்த கருத்து இது. பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. கியூபாவில் நடந்தது அதற்கு வலுவான சான்றாக அமைந்தது. அங்கே 1977-இல் டெங்கு 1 பரவியது, பெரிய பாதிப்பு இல்லை. 1981-இல் டெங்கு 2 வந்தது. 3,44,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் குழந்தைகள். முதல் அலையில் டெங்கு 1 வந்து போனவர்களிடமே நோய் கடுமையாகத் திரும்பியது. 1997-இல் சாந்தியாகோ நகரில் மறுபடி டெங்கு 2 பரவியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் கிட்டத்தட்ட அனைவரும் பெரியவர்கள், 20 வருடத்துக்கு முன் டெங்கு 1 கண்டவர்கள். அத்தனை காலம் கழித்தும் அந்த அரைகுறை ஆன்டிபாடி தீங்கு செய்யக் காத்திருந்தது.

ஆன்டிபாடி இருப்பது மட்டும் ஆபத்தல்ல, அதன் அளவும் பார்க்க வேண்டும். நிகரகுவாவில் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபாடி நிறைய இருந்த குழந்தைகள் தப்பித்தார்கள். அறவே இல்லாதவர்களுக்கும் ஆபத்து குறைவு. நடுவாந்தரமான அளவு இருந்தவர்களுக்குக் கடுமையான டெங்கு வரும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் அதிகம். கடைகளில் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கிற பொடியும் பானமும் இந்த இடத்தில் அர்த்தமற்றவை. டெங்குவில் சக்தி போதாமல் போவதில்லை, குறி தப்புகிறது. அதை எந்தப் பொடியும் திருத்தாது.

சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. 1780-லேயே மதராஸில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாகப் பதிவு இருக்கிறது. நம் காலத்தில் நிலைமை என்ன என்று 2011-இல் நகரின் 50 இடங்களில் 1,010 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 93 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. அதில் மிகப் பலருக்குத் தங்களுக்கு டெங்கு வந்ததே தெரியாது. முதல் தொற்று பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாகவோ அறிகுறியே இல்லாமலோ போய்விடும். ஆகவே "எங்க வீட்ல யாருக்கும் இதுவரைக்கும் டெங்கு வந்ததில்லை" என்ற பேச்சை இந்த ஊரில் நம்பி இருக்க முடியாது. பெரியவர் ஒருவருக்கு இப்போது டெங்கு என்றால் அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் இது குறுக்கிடுகிறது. என்.எஸ்.1 என்பது வைரஸ் ரத்தத்தில் கொட்டும் ஒரு புரதம், முதல் 5 நாட்களில் தெரியும். இரண்டாவது தொற்றில் பழைய ஆன்டிபாடிகள் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், 3, 4-ஆம் நாளிலேயே டெஸ்ட் நெகட்டிவ் காட்டலாம். ஐ.ஜி.எம். குறைவாகவோ தெரியாமலோ இருக்கலாம். அதே நேரம் ஐ.ஜி.ஜி. ஆரம்பத்திலேயே மளமளவென ஏறியிருக்கும், நினைவுச் செல்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடுவதால். என்.எஸ்.1 நெகட்டிவ் என்ற ஒற்றை வரியைப் பார்த்து "டெங்கு இல்லை" என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது இங்கே நடக்கும் பெரிய தப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, மூன்று வருடத்துக்கு முன் டெங்கு வந்தது என்பதைக் கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். டெங்குவில் உயிரை எடுப்பது காய்ச்சல் அல்ல, ப்ளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைவதும் பெரும்பாலும் அல்ல. ரத்தக்குழாய்ச் சுவர் கசிவதுதான். குழாயின் உட்புறத்தில் சர்க்கரையும் புரதமும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. என்.எஸ்.1 புரதம் அதை அரிக்கிறது, கட்டுமீறிய பதிலடியில் வரும் ரசாயனங்கள் செல்களுக்கு இடையிலுள்ள இணைப்பைத் தளர்த்துகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் ஒழுகுகிறது. குழாயில் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது, பாய்வது குறைகிறது. இது நடப்பது காய்ச்சல் தொடங்கிய 3-ஆம் நாள் முதல் 7-ஆம் நாளுக்குள், சரியாகக் காய்ச்சல் இறங்கும் வேளையில். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். "காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்லை" என்று எல்லோரும் மூச்சுவிடும் அந்த இரண்டு நாள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டிய நாள்.

கசிவைப் பிடிப்பது எப்படி? சி.பி.சி. என்ற ரத்த அணுக்கள் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்லோர் கண்ணும் ப்ளேட்லெட்டுக்குத்தான் போகும். அதன் பக்கத்திலேயே பி.சி.வி. அல்லது ஹெமடோகிரிட் என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்வது. உதாரணமாக 2-ஆம் நாள் ரிப்போர்ட்டில் ப்ளேட்லெட் 1,40,000, பி.சி.வி. 36. 5-ஆம் நாள் ப்ளேட்லெட் 60,000, பி.சி.வி. 44. ப்ளேட்லெட் குறைந்ததைப் பார்த்து வீடே கலங்கும். ஆனால் பி.சி.வி. 36-லிருந்து 44 ஆனது 22 சதவீத ஏற்றம். 20 சதவீதமோ அதற்கு மேலோ ஏறினால் நீர் கசிந்திருக்கிறது என்று பொருள், உடனே டிரிப்ஸ் கணக்குப் போட்டு ஏற்ற வேண்டிய நிலை. இந்த ஒப்பீட்டுக்கு முதல் ரிப்போர்ட் வேண்டும். அதனால் காய்ச்சல் வந்த 2, 3-ஆம் நாளிலேயே ஒரு சி.பி.சி. எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

ரத்த அழுத்தத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 100/85 என்று வந்தால் மேல் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை (ஷாக், உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போவது) தொடங்கிவிட்டது. வீட்டில் கருவி இல்லையென்றால் விரல் நுனியை அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். கை கால் ஜில்லிட்டு, நிறம் திரும்பத் தாமதமானால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு படுப்பது அல்லது காரணமில்லாமல் முரண்டு பிடிப்பது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. ராத்திரி ஆயிற்று, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் குடிக்க முடிகிற பிள்ளையை, டாக்டர் பார்த்துச் சொன்னபின் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். வைத்தியம் என்பது பெரும்பாலும் திரவம்தான். அரிசிக்கஞ்சியில் உப்புப் போட்டு, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ்., கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் ஊற்றினால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள் (பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர்). பாதிப் பொடியை ஒரு தம்ளரில் கலக்கும் பழக்கம் வேண்டாம். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் போனால் திரவம் போதுமானதாக இருக்கிறது.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும். குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளைக்கு 4 வேளைக்கு மேல் போகக் கூடாது. சிரப் வாங்கும்போது லேபிளைப் படிப்பது மிக அவசியம். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. 20 கிலோ பிள்ளைக்கு 250 பாட்டிலில் 5 மில்லி சரியான அளவு, 120 பாட்டிலில் அதே 5 மில்லி பாதிக்கும் குறைவு. காய்ச்சல் அடங்கவில்லையே என்று கூடுதல் வேளை கொடுத்தால் ஏற்கெனவே டெங்குவால் வீங்கிய கல்லீரல்தான் அடிவாங்கும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் கூடவே கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் காய்ச்சல் மாத்திரைகளில் பாரசிட்டமாலோடு ஐபுபுரூஃபென் கலந்த கூட்டு மருந்துகளும் உண்டு. அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். பதிலடியை அடக்கட்டும் என்று ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்ததிலும் பலன் தெரியவில்லை.

ப்ளேட்லெட் பற்றி ஒரு வார்த்தை. சுகமாக இருக்கும் ஒருவருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். டெங்குவில் மஜ்ஜை உற்பத்தியைக் குறைக்கிறது, இருப்பதையும் உடம்பே அழிக்கிறது. ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணைப் பார்த்து மட்டும் ப்ளேட்லெட் ஏற்றுவதால் நன்மை இல்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்குக் கீழே போன பெரியவர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. கசிவுக் கட்டம் முடிந்ததும் எண்ணிக்கை தானே ஏறும். பப்பாளி இலைச் சாறு குடித்ததும் ஏறியது என்பவர்களில் பலர் அதைக் குடித்தது 6, 7-ஆம் நாளில், எப்படியும் ஏறும் வேளையில். கசப்பில் வாந்தி எடுத்தால் உள்ளே போன திரவமும் வெளியே வந்துவிடும், அதுதான் என் கவலை. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

தடுப்பூசி இருக்கிறதா என்று அடுத்து கேட்பீர்கள். இந்த நோயில் தடுப்பூசி தயாரிப்பதே கத்திமேல் நடப்பது, காரணம் மேலே சொன்ன அதே கோளாறு. பிலிப்பைன்ஸில் 2016-இல் தொடங்கி 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு தடுப்பூசி போட்டார்கள். அதற்குமுன் டெங்குவே வராத குழந்தைகளுக்கு அது முதல் தொற்றைப் போல வேலை செய்து, பிறகு வரும் உண்மையான டெங்குவைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017 நவம்பரில் தெரியவந்து, திட்டத்தை நிறுத்தினார்கள். நான்கு வகைக்கும் சமமாகப் பாதுகாப்பு தர வேண்டும், ஒன்றில் குறைந்தாலும் சிக்கல். இந்தியாவில் ஒரே டோஸாகப் போடும் நான்கு வகைத் தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வு 10,335 பேரை இலக்காக வைத்து 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதையும் கவனியுங்கள். டெங்கு கண்ட தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய் முதல் சில மாதம் காக்கும். 6 மாதத்துக்குமேல் அது குறைந்து அந்த நடுவாந்தர அளவுக்கு வரும்போது, குழந்தைக்கு முதல் தொற்றே இரண்டாவது தொற்று போலக் கடுமையாகலாம். 6 முதல் 12 மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மகளுக்கு டெங்கு வராமல் இருக்கக் கொசுவைத்தான் குறைக்க வேண்டும். ஏடிஸ் பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் சாயங்காலமும் அதிகம். லாரித் தண்ணீரைப் பிடித்துவைக்கும் நீல டிரம், சம்ப், மூடி உடைந்த டேங்க், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா, இவைதான் அது முட்டையிடும் இடங்கள். முட்டை வளர்ந்து கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை காலி செய்தால் போதும். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த முறை தண்ணீர் பிடித்ததும் பொரிக்கும். டிரம்மின் உட்பக்கத்தைத் தேங்காய் நாரும் சோப்பும் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள், பிறகு துணியால் இறுக மூடிக் கட்டுங்கள். தெருவில் யாருக்காவது டெங்கு என்றால் காய்ச்சல் தொடங்கி முதல் 5 நாள் அவர் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கட்டும். அவரைக் கடிக்கும் கொசு 8 முதல் 12 நாளில் அடுத்த வீட்டுக்காரருக்கு வைரஸைக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடும்.